மூட்டையில் இருந்த கோழி

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்வது என் பிழைப்பு. பட்டாசுப் பெட்டியோ ஊறுகாய் பாட்டிலோ, எதுவானாலும் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். "ஆர்கானிக்னு போட்டு ரெண்டு பச்சை இலை வச்சிருங்கண்ணே" என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சான்றிதழை மேசையில் வைத்து, அதன் எண்ணில் ஒரு புள்ளி பிசகினாலும் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. சண்டைக்காரர்கள்தான் குறைச்சல்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கே ஆர்கானிக் வந்து சேர்ந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். உடம்பில் சத்தில்லை, தினமும் முட்டை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஏழெட்டுக் கோழி நிற்கிறது. அவளோ போனில் எதையெதையோ பார்த்துவிட்டு, "கண்டதையும் மேயுற கோழி முட்டை எனக்கு வேணாம்மா" என்று தட்டைத் தள்ளினாள். கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மனைவி சும்மா இருப்பாளா? சாத்தூர் போய் ஆர்கானிக் கோழித் தீவனம் ஒரு மூட்டை வாங்கி வந்துவிட்டாள்.

"இந்தப் படத்துக் கோழியப் பாருங்க, எம்புட்டு மினுமினுப்பு! இதத் தின்னா நம்ம கோழியும் இப்படி ஆயிரும்."

பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் வீட்டுச் செவலைக் கோழி! இந்த மூட்டைக்கு எங்களிடம் லேபிள் ஆர்டர் கொடுத்த தீவனக் கம்பெனிக்காரர் படம் தராமல் இழுத்தடித்தார். பட்டாசு சீசன் நெருக்கடி வேறு. வீட்டுக் கோழியைப் போனில் எடுத்து, நிறத்தைக் கூட்டி, பின்னால் ஒரு புல்வெளியை ஒட்டி அனுப்பியவன் நான்தான். எங்கள் தெருவில் ஏது புல்!

"என்னங்க, பேயறைஞ்சாப்புல நிக்கிறீக?" என்று குனிந்தவள், படத்துக் கோழியின் காலை உற்றுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகளோடு கலந்துவிடாமல் இருக்க, தன் மஞ்சள் சேலையில் கிழித்து அவள் கட்டிவிட்ட துணி அங்கே அப்படியே இருந்தது. அதை அழிக்க மறந்து தொலைத்திருக்கிறேன்.

"அடப் பாவி மனுசா! இது நம்ம செவலையாச்சே!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சான்று நம்பர் எங்கப்பா?"

"அவுக தரல தாயி. தந்திருந்தா போட்டிருப்பேன்."

"அப்ப செவலை என்னத்தத் தின்னு இப்படி மினுங்குச்சு?"

"கம்பு, கரையான், நீ மிச்சம் வைக்கிற சோறு. இந்த மூட்டைய அது கண்ணால கண்டதில்ல" என்றாள் அவள் அம்மா.

வாசலில் செவலை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. காலில் அதே துணி, வெளுத்துப்போய். மகள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, அது முட்டையவே அவிச்சுக் குடும்மா."

மனைவி அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்தே எனக்கு உத்தரவு வந்தது. "அந்தாளு அடுத்த ஆர்டருக்கு வந்தா நம்பரக் கேளுங்க. இல்லன்னா லேபிள்ல இருந்து நம்ம கோழிய எடுத்துருங்க. பொய்ச் சாட்சிக்கு அதத்தான் இழுக்கணுமா?"

மகள் மிளகுத் தூளைத் தொட்டுத் தொட்டு முட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் ருசித்துத் தின்பதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டு காலியானதும் அடுப்படிப் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்காம்மா?"