எங்கள் வீட்டுக் கருஞ்சேவல்

நான் வேலை பார்க்கும் காலண்டர் பிரஸ்ஸின் பின்பக்கம் ஒரு சேவல் திரிந்தது. மை டப்பாக்களும் மிஷின் துடைத்த துணிகளும் குவிந்து கிடக்கும் மூலைதான் அதற்கு வீடு. பிரஸ் வாட்ச்மேன் தன் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பியபோது அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இறகு, கால், முகம், கொண்டை எல்லாமே கறுப்பு. சைக்கிளில் மாட்டிய பையிலிருந்து தலையை நீட்டி, விஸ்வநத்தம் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே என்னோடு வந்தது.

என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல எடை இருக்கு. தீபாவளிக்குக் கொளம்பு வச்சிரலாம்."

வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று என்னவோ வாய் திறந்துவிட்டது.

"இது கருங்கோழி, லேசுல கிடைக்காது. கொண்டைகூடக் கறுப்பு, பாரு. அடிக்க வேண்டாம். குஞ்சு எடுப்போம்."

அவள் சேவலைக் கீழே விட்டாள். "சரி. நம்ம செவலைக் கோழியை அடை வைப்போம். ஒரு குஞ்சாவது கறுப்பாப் பொரிச்சா இவரு பொளைச்சுக்கிடுவாரு. இல்லைன்னா கொளம்புதான்."

சேவல் செவலையோடு சுற்றித் திரிந்தது. செவலையும் முட்டையிட்டு முடித்து அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் பரப்ப பிரஸ்ஸில் வீணான தாள்களைக் கொண்டுவந்து கீற்றாகக் கிழித்தேன்.

"சாமி படம் இருக்கான்னு பாத்துப் போடுங்க. மேல கோழி ஒக்காரும்" என்றாள்.

கீற்று கீற்றாகப் பார்த்தேன். ஒன்றில் மயில் கழுத்து. ஒன்றில் கொலுசு போட்ட கால். எந்தச் சாமியின் கால் என்று தெரியவில்லை. அதையும் எடுத்துத் தனியே வைத்தேன். இடிச் சத்தத்தில் கரு கலங்கிவிடக் கூடாது என்று முட்டைகளுக்கு நடுவே இரும்பு ஆணியும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் வைப்பது வழக்கம். எங்கள் பக்கம் மழையே இல்லாவிட்டாலும் பட்டாசுக் கம்பெனிகளில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இன்னொரு ஆணியும் சேர்த்து வைத்தாள்.

வேலைக்குப் போகுமுன் கூடைக்கு அருகில் உட்கார்ந்திருப்பேன். தூரத்தில் வெடிக்கும்; செவலை ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நரம்புகள் மெல்லப் பிரிந்து ஓடின. பிரஸ்ஸில் மிஷின் ஓடும்போதும் அதுதான் கண்ணில் நின்றது. முற்றம் முழுக்கக் கறுப்புக் குஞ்சுகள், ஆள் இல்லாமல் நிழல்கள் மட்டும் நடப்பதுபோல மனசுக்குள் நடந்துகொண்டிருந்தன.

தீபாவளி நெருங்கும்போது, பட்டாசு வாங்குவதற்காகக் காரியாபட்டியிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். அங்கே அவன் கோழி வளர்க்கிறவன். சேவலைப் பிடித்து அலகைத் திறந்து பார்த்தான்.

"மச்சான், கருங்கோழிக்கு நாக்கும்ல கறுத்திருக்கணும்? இது வெத்தல போட்ட வாய் மாதிரில்ல இருக்கு!"

தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுக் கொண்டையைத் தேய்த்தான். விரல் கறுத்தது. அந்த இடம் மட்டும் செக்கச்செவேல் என்று வெளியே வந்தது.

"எக்கா, இது பிரஸ் மையிக்கா!"

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெனமும் அந்த மையிலதான் கெடக்காக. இவுகளுக்கே அடையாளம் தெரியலையே!"

நான் என் நகங்களைப் பார்த்தேன். எத்தனை முறை கழுவினாலும் ஓரத்தில் அந்தக் கறுப்பு நிற்கும். அதனால்தான் கறுத்த கொண்டை எனக்கு வித்தியாசமாகவே படவில்லையோ என்னவோ.

பாதிச் சிவப்புக் கொண்டையோடு சேவல் முற்றத்தில் நடந்தது. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை கூடைக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. மஞ்சளில் ஒன்று, முதுகில் கோடு போட்டு இரண்டு, சாம்பலில் ஒன்று. கலர்க் கீற்றுகளுக்கு நடுவே ஈரம் காயாமல் தள்ளாடின. கடைசியாகச் செவலையின் இறக்கைக்கடியிலிருந்து கறுப்பாக ஒன்று தலையை நீட்டியது.

மனைவி அதை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்தினாள். வயிறு வெள்ளை. கால்விரல்கள் நல்ல மஞ்சள். கருங்கோழிக்குக் கால்விரலும் கறுப்பு என்று அவள் தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் அந்த விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முற்றத்தில் சேவல் கூவியது.

குஞ்சைக் கவிழ்த்துச் செவலையின் இறக்கைக்குள் விட்டாள்.

"கறுப்புதான்" என்றாள். "கூட்டம் சேருறதுக்குள்ள போயி கடையில கறி வாங்கிட்டு வாங்க."