அப்பாவின் ஐரிஷ் பாணுக்கு உப்புக் காணாது

எங்கள் அப்பா குசினிக்குள் வருவதற்கு இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று, தண்ணீர் குடிக்க. மற்றது, குடித்த கிளாஸை எங்கே வைப்பது என்று அம்மாவிடம் கேட்க. மனிதர் பொறியியலாளர், அவர் போட்ட கணக்கை நம்பி மெல்பேர்னில் பாலங்கள் நிற்கின்றன. ஆனால் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவை. இதில் வெட்கமெல்லாம் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு கோடை முழுக்க மாவும் கையுமாக நின்றார் என்றால், கண்ணால் கண்ட நானே சில வேளை நம்புவதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மல்கிரேவில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நான்கு பேர். சித்தப்பா கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, வார இறுதியில் ஒரு பிட்சாக் கடையில் வேலை செய்தார். அந்த வருடம் அம்மாவுக்கு வருத்தம். "நெஞ்சில ஒரு கட்டி, வெட்டி எடுத்தாச்சு. இனி மருந்து ஏத்தினால் சுகம்" என்று சித்தப்பா எனக்கு விளங்கப்படுத்தினார். அதில் சுகம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நான் விட்டுவிட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுப்பார். பிறகு வாயில் எதை வைத்தாலும் சத்தி. கஞ்சி, இடியப்பம், சூப் எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. சமையல் சித்தப்பாவின் கைக்கு மாறியிருந்தது. சோறு, பருப்பு, பொரித்த முட்டை. அடுத்த நாள் ஒரு மாற்றத்துக்குப் பொரித்த முட்டை, பருப்பு, சோறு. அம்மா மெலிந்துகொண்டே போனார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும், அப்படித் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதைக் காரில் பின்சீற்றில் நித்திரை கொள்வதுபோல் கிடந்து நான் கேட்டேன்.

அப்பாவிடம் அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வேலையால் வந்து காரை வாசலில் நிறுத்துவார், ஆனால் இறங்க மாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருப்பார். நான் யன்னலால் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் ஏன் என்று கேட்டால், "ரேடியோ கேக்கிறார்" என்பார். எனக்குக் கோபம் வரும். வீட்டுக்குள் இவ்வளவு அலுவல் கிடக்க, இந்த மனிதருக்கு ரேடியோ கேட்கிறது.

அப்படியிருக்க ஒருநாள் அம்மா ஆஸ்பத்திரியால் வந்து கட்டிலில் இருந்தபடியே ஒரு செய்தி சொன்னார். அங்கேயிருந்த ஐரிஷ் நேர்ஸ் ஒருத்தி தன் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு பாண் கொடுத்தாளாம்.

"முழுத் துண்டும் திண்டனான். சத்தி வரேல்லை."

அப்பா கையில் காரைப் பூட்டிய திறப்போடு அப்படியே நின்றார். "என்ன பாண்?"

"அவையின்ரை ஊர்ப் பாண். ஈஸ்ட் போடுறேல்லையாம். மாவும் உப்பும் அப்பச்சோடாவும் மோரும்தானாம். அண்டைக்குச் சுட்டு அண்டைக்கே சாப்பிடோணுமாம், இல்லாட்டி இறுகிப்போயிடுமாம்."

"அப்ப சுடுவம்" என்றார் அப்பா.

நானும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணருக்கு ஓவனை எந்தப் பக்கம் திறப்பதென்றாவது தெரியுமா என்பதுதான் சித்தப்பாவின் முகத்தில் இருந்த கேள்வி.

அன்றே தொடங்கினார். வேலைகளைப் பங்கு பிரித்தோம். மா அப்பாவின் பொறுப்பு, ஓவன் சித்தப்பாவின் பொறுப்பு, உப்பு என் பொறுப்பு. ஒரு தேக்கரண்டி, தலை தட்டி. அதை நான் பெரிய உத்தியோகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மோர் என்று போட்டு விற்கும் பெட்டியை சுப்பர்மார்க்கெட்டில் தேடிப் பிடித்தோம். எல்லாம் குழைத்து, உருட்டி, ஓவனில் வைத்து எடுத்தால், பார்வைக்குச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவு. அப்பா அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனார். கத்தியை வைத்ததுதான் தாமதம், பொலபொலவென்று உதிர்ந்து தட்டு நிறையக் குவிந்தது.

அம்மா அதை விரலால் கிளறிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, மா எந்தப் பேணியில எடுத்தனீங்கள்?"

"மேல் தட்டில இருந்த பேணி."

அவ்வளவுதான், அம்மா சிரிக்கத் தொடங்கினார். எங்கள் ஆட்களின் வீட்டில் கோதுமை மா இரண்டு பேணிகளில் இருக்கும். ஒன்றில் பச்சை மா. மற்றதில் துணியில் கட்டி ஆவியில் அவித்து, அரித்து வைத்த மா, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவித்த மாவில் பாண் சுட்ட முதல் மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். "ஐயோ, அயர்லாந்துப் பிட்டு!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அப்பா கோபிக்கவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அடுத்த நாள் சித்தப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். "பிசையிறதை என்னட்டை விடுங்கோ அண்ணா, பிட்சாக் கடையில நான் செய்யிற வேலையே இதுதான்." மேசை ஆட ஆட அடித்தார், இழுத்தார், உதறினார். பிறகு அப்பமா புளிக்க வைப்பதுபோல் ஈரத்துணியால் மூடி, விடியும்வரை பொங்கட்டும் என்று வைத்துவிட்டார். அது பொங்கவில்லை. சுட்டெடுத்தபோது கத்தியே இறங்கவில்லை. பின்வளவில் போட்டோம். மக்பைக் குருவிகள் வந்து இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின.

"விடுங்கோ அண்ணா, எங்கையாவது கடையில வாங்குவம்" என்றார் சித்தப்பா.

"அவ திண்டது வீட்டில சுட்டது" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரிக்கு நேரே போய் அந்த நேர்ஸையே பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். பிசையவே கூடாதாம். மோர் பட்ட உடனேயே சோடா வேலை செய்யத் தொடங்கிவிடுமாம். கை பட்டும் படாமலும் சேர்த்து, மேலே சிலுவைபோல் ஆழமாகக் கீறி, உடனே ஓவனுக்குள் தள்ள வேண்டுமாம். கீறினால்தான் உள்ளே இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியே போகும் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு பூசும் எங்கள் அப்பா கத்தியோடு ஒரு கணம் யோசித்தார். பிறகு, "வெக்கை நடுவுக்குப் போறதுக்குத்தான் இந்த வெட்டு" என்று எனக்கொரு பொறியியல் விளக்கம் தந்துவிட்டுக் கீறினார். வெந்ததைக் கவிழ்த்து, கடையில் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல் அடியில் தட்டினார். டொக் டொக் என்றது. உள்ளே பொந்துபோல் ஓசை கேட்டால் சரி என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது.

மூவரும் கட்டிலின் காலடியில் வரிசையாக நின்றோம். அம்மா பட்டர் பூசிய துண்டை மெல்ல மென்று முடித்தார். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தோம். சத்தி இல்லை. அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

"எப்பிடி?"

அம்மா யோசித்தார். "உப்புக் காணாது."

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. உப்பு என் பொறுப்பல்லவா! நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். உப்பு அளவாய், அச்சொட்டாக இருந்தது. ஆனால் அப்பா ஒற்றைச் சொல் எதிர்த்துப் பேசவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றார்.

நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். மனிதர் விடவில்லை. காரை நிறுத்திய கையோடு இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனார். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஓவன் எரிகிறது, அப்பாவின் ஒஃபிஸ் சேட் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. மேசை, கதிரை, கதவுக்கைபிடி, என் பள்ளிப் பை என்று எங்கே பார்த்தாலும் மா. அம்மாவோ ஒவ்வொரு நாளும் ஒரு குறை வைத்திருந்தார். இன்று உப்புக் கூடிப்போச்சு. நாளை காணாது. மறுநாள் சோடா மணக்குது. அப்பாவும் ஒரு சட்டம் போட்டார். "முழுத் துண்டையும் சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் நீர் குறை சொல்லலாம்." குறை சொல்லும் ஆசையில் அம்மா முழுத் துண்டும் சாப்பிட்டார். சில நாள் இரண்டு துண்டு. எடை இறங்குவது நின்றது.

எல்லோருக்கும் சந்தோசம், என்னைத் தவிர. என்ன அநியாயம் இது? ஒவ்வொரு நாளும் அதே கரண்டி, அதே உப்பு, அதே தலை தட்டு. ஒரு பாணில் எப்படிக் கூடும், அடுத்ததில் எப்படிக் குறையும்? அம்மா வேண்டுமென்றே என் உத்தியோகத்தில் குறை பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது அப்பா தனியாகப் பாண் சுட்டிருக்கிறார். நான் திரும்பி வரும்போது அம்மா தன் துண்டைச் சாப்பிட்டு முடித்திருந்தார். "இண்டைக்குத்தான் உப்புச் சரியா இருக்கு" என்றார். நான் இல்லாத நாளில்தானா சரியாக வரவேண்டும்! வயிற்றெரிச்சலோடு குசினிக்குப் போய் ஒரு துண்டை வாயில் வைத்தேன். சப்பென்றிருந்தது. சித்தப்பாவும் வாயில் வைத்துவிட்டு, "அண்ணா, இதில உப்பே இல்லை" என்றார்.

உப்பு என்னுடைய வேலை என்று பழகிப்போய், அப்பா போட மறந்திருக்கிறார். அவரும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். பிறகு அம்மாவின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் வாயில் விரல் வைத்துக் காட்டினார். மறந்த வெட்கம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உப்பை நானே போட்டேன். இரண்டு தரம் தலை தட்டிப் போட்டேன். அம்மா சாப்பிட்டு முடித்தார்.

"எப்பிடி?" என்றார் அப்பா, ஒன்றுமே நடவாததுபோல்.

"இண்டைக்குக் கொஞ்சம் காணாது."

"அப்ப நாளைக்குக் கூட்டிப் பாப்பம்."

எனக்கு விசர் பிடித்துவிட்டது. "நேற்று உப்பே போடேல்லை! அதைத்தான் சரி எண்டனீங்கள்! இண்டைக்கு நான் போட்டனான், ஒழுங்காப் போட்டனான்! நீங்கள் பொய் சொல்லுறீங்கள் அம்மா!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமே?"

"நேற்றுத்தான்."

"அப்ப ஏன் இண்டைக்கும் கேட்டனீங்கள்?"

"நீர் ஏன் சொன்னனீர்?"

அப்பா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஓடிப்போய் ஓவனை நிப்பாட்டிவிடு" என்றார். போய்ப் பார்த்தால் ஓவன் எப்போதோ நிறுத்தியாயிற்று. வந்து சொன்னேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். அப்பாவும் துடைத்தார், மாக்கையால், முகமெல்லாம் வெள்ளையாக. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், அன்று முழுக்க நான் யாரோடும் கதைக்கவில்லை.

அடுத்த மருந்தை டொக்டர் தள்ளிப்போடவில்லை, அதற்கடுத்ததையும்தான். குளிர்காலத்தில் அம்மா எழும்பிக் குசினிக்கு வந்து, அப்பாவைத் தேத்தண்ணி போட வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து பார்த்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அப்பா பாண் சுடுகிறார். போன ஞாயிறும் போயிருந்தேன். அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்றார். அம்மாவின் நாக்கு சரியாகி எத்தனையோ வருடம், பாணில் உப்பும் அச்சொட்டு. நான் வாயைத் திறக்கவில்லை. "அடுத்த ஞாயிறு பாப்பம்" என்று சொல்லிவிட்டு அப்பா தட்டோடு எழும்பிப் போனார். அவர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். அந்த மருந்து ஏற்றினால் நாக்குச் செத்துப்போகும், எதைத் தின்றாலும் ஒரே மண் என்று இப்போது எனக்கும் தெரியும். சத்தி வராமல் இருந்ததே பெரிய காரியம். முதல் நாளே நல்லது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாமே, அந்த மனிதரை ஏன் இந்தப் பாடு படுத்தினார்?

அம்மா மேசையில் கிடந்த பாண் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தார்.

"கொப்பா அந்தக் காருக்குள்ளயே இருப்பாரெல்லே பிள்ளை. யன்னலாலை பாத்துக்கொண்டு கிடப்பன். எழும்பிப் போய்க் கூப்பிட எனக்கு ஏலாது. முதல் நாளே சரி எண்டு சொல்லியிருந்தால் மனுசன் திரும்பவும் போய் அதுக்குள்ள இருந்திருக்கும்."

அவர் ரேடியோ கேட்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.