உள்ளே பிடியில்லாத கூடாரம்

கூடாரம் தைக்கும் பட்டறையில் அவளுக்கு 'ஜிப் அக்கா' என்று பெயர். வாசல் துணியில் ஜிப் வைத்துத் தைப்பது அவள் வேலை. யார் யாரோ மலையிலும் கடற்கரையிலும் நிம்மதியாகப் படுத்துறங்க வாசல் வைத்துக் கொடுத்தவள், ஒரு கூடாரத்துக்குள்ளும் தலை சாய்த்ததில்லை. கூடாரம் என்ன கூடாரம்! சொந்தக் கட்டிலிலேயே அவள் ஒழுங்காகத் தூங்கி எட்டு வருடமாகிவிட்டது.

அம்மாவுக்குப் பக்கவாதம். பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். இரவு முழுக்க இவள்தான். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். அடுத்த அறையிலிருந்து "கண்ணூ..." என்று ஒரு குரல் வரும். அது காதில் விழ வேண்டுமே என்று தன் அறைக் கதவைச் சாத்தாமலே படுத்துப் பழகிவிட்டாள். வயதும் அந்தத் திறந்த கதவு வழியாகவே வெளியே போய்விட்டது.

போன மாதம் அந்தக் குரல் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் கலைந்ததும் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இனிமே நீ தனியா என்னக்கா பண்ணப்போறே? எங்ககூட வந்துடு. குழந்தைங்க ரூமுக்குப் பக்கத்துலயே உனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கோம். கதவைத் திறந்து வச்சுக்கிட்டா, ரெண்டும் லேசாச் சிணுங்கினாக்கூட உனக்குக் கேக்கும்."

இரட்டைக் குழந்தைகள். அவன் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். ஆனாலும் அவன் பாசத்தோடுதான் கேட்டான். அதுதான் கொடுமை. அதட்டுகிறவனிடம் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கண் கலங்கக் கூப்பிடுகிறவனிடம் எந்த வாயால் சொல்வது?

"கொஞ்சம் டைம் குடுடா. எங்கேயாவது போயிட்டு வந்து சொல்றேன்."

"எங்கே போறே?"

"தெரியலை."

விஷயம் கேள்விப்பட்டு, பட்டறை மேற்பார்வையாளர் ஒரு கூடாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மனம் மாறுவதற்குள் தன் மேசையில் தைத்துக் கிடந்ததையே சுருட்டிக்கொண்டாள்.

"ஏன்க்கா, தனியா படுத்தா பேய் வராது?" என்றாள் அடுத்த மேசைக்காரி.

"வரட்டும். என் மூஞ்சியைப் பார்த்தா அதுவே பாவம்னு தட்டிக் குடுத்துட்டுப் போயிடும்."

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவென்றே வாங்கிய பழைய கார். பின்சீட்டில் ரப்பர் விரிப்பு இன்னும் கிடந்தது. அதைச் சுருட்டி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாலை பிரியும் இடங்களில் எந்தப் பக்கம் வண்டிகள் குறைவோ அந்தப் பக்கம் திருப்பினாள். ஓரிரவு ஆற்றோரம். மறுநாள் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த புல்வெளி. அதற்கு மறுநாள் ஏதோ குன்றின் அடிவாரம். எங்கே போனால் என்ன? வாசலைத் திறந்து போட்டுக்கொண்டுதான் படுத்தாள். கண் அயரும் போதெல்லாம் "கண்ணூ..." என்று கேட்கும். பதறி எழுந்து, செருப்பைத் தேடி, வெளியே வந்து நிற்பாள். எதிரே இருட்டும் புல்லும்தான் இருக்கும். பாவி மகளே, யாரைப் புரட்டிப் படுக்க வைக்கப் போகிறாய்?

ஏரிக்கரையில் கூடாரம் போட இடம் விட்டிருந்த ஒரு மைதானத்துக்கு அவள் வந்து சேர்ந்தது மத்தியானம். முளை அடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை. அங்கே காவல் இருந்த பெரியவர் குடையை இடுக்கிக்கொண்டு வந்து உதவினார். தம்பி போனில் கூப்பிட்டான்.

"நாளைக்காவது சொல்லிடுக்கா. அவ ஆபீஸ்ல கேக்கறாங்க."

"சொல்றேன்டா."

சரி என்று சொல்லிவிடுவதே சுலபம் என்று நினைத்தாள். மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டுமே!

அப்போது பிடித்துக்கொண்டது மழை. சாரல் படுக்கையை நனைக்க, முதல்முறையாக வாசலை மூடினாள். கையை வெளியே விட்டு ஜிப்பைக் கீழே இழுத்து, கடைசி விரற்கடையை உள்ளிருந்து நகத்தால் தள்ளினாள். மூடிய பிறகுதான் விரல் தடவிப் பார்த்தது. உள்பக்கம் பிடி இல்லை! நகத்தால் மேலே தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை.

உள்பிடி மாட்டுவது அடுத்த மேசைக்காரியின் வேலை; அவள் மேசைக்குப் போகுமுன்பே இதைச் சுருட்டிக்கொண்டு வந்தாயிற்று. தான் தைத்த ஜிப்பை இவள் எப்போதும் வெளியே நின்றுதான் இழுத்துப் பார்ப்பாள். உள்ளே இருக்கப்போகிறவளாகத் தன்னை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லையே!

பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது. எடுத்தாள். தையலில் நுனியை வைத்தாள். "கண்ணூ..." என்று கேட்டது.

"வர முடியலைம்மா," என்றாள் வாய்விட்டு. "கதவு மூடியிருக்கு."

சொன்னதும் அழுகை வந்தது. அம்மா போன அன்றுகூட வந்தவர்களைக் கவனிக்கும் அவசரத்தில் அடக்கிவைத்த அழுகை. கத்தரி கையிலிருந்து நழுவியது. துணியின் மேல் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அழுதபடியே சாய்ந்தவள், எந்த நொடியில் கண்ணை மூடினாள் என்று அவளுக்கே தெரியாது.

யாரோ துணியைப் படபடவென்று தட்டினார்கள்.

"அம்மா! அம்மா! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்... என்ன?"

"என்னவா? நேத்து மத்தியானம் உள்ளே போனீங்க. இப்போ வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. போலீஸைக் கூப்பிடலாமான்னு நிக்கிறேன்!"

பெரியவர் வெளியிலிருந்து சர்ரென்று ஜிப்பை இழுத்தார். வெளிச்சம் முகத்தில் அடித்தது. கன்னத்தில் தலையணையின் தையல் பதிந்திருந்தது. போனில் தம்பியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவளே கூப்பிட்டாள்.

"எங்கேக்கா போயிட்டே? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"தூங்கிட்டேன்டா."

"நேத்துலேர்ந்தா?"

"ஆமா. தம்பி, குழந்தைகளைப் பார்க்க வருவேன்டா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து மடியில போட்டுக் கொஞ்சுவேன். ஆனா அந்த ரூமுக்கு வர மாட்டேன். இன்னொரு குரலுக்குக் காதைத் திறந்து வச்சுட்டுப் படுக்க என்னால முடியாதுடா."

போனில் அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. அவள் உடம்பு தானாக நிமிர்ந்தது. அப்புறம் மெல்லத் தளர்ந்தது.

"குழந்தை அழுவுதுடா," என்றாள். "போய்த் தூக்கு."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பெரியவர் இன்னும் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு உதவி. இதை வெளியிலிருந்து மூடிட்டுப் போறீங்களா?"

"மறுபடியுமா! எப்போ வந்து திறக்கணும்?"

"நான் கூப்பிடறப்போ," என்றாள் அவள், மறுபடியும் படுத்துக்கொண்டே.