பதினாறு ஓம்

"ஏண்டி, உனக்கே இன்னும் ஒரு ஜோடி அமையல. நீ பெட்டிக்கு ஜோடி சேக்கப் போறியா?"

பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவுக்கு அக்கா, இப்படிக் கேட்டபோது என் முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. இரண்டும் வேறு வேறு கம்பெனி. சுங்கைப்பட்டாணி டவுனில் ரேடியோ கடை வைத்திருக்கும் பாயிடம் வேலை கேட்டுப் போயிருந்தேன். "ரேடியோ வேலை தெரியுமாம்மா?" என்றார். "ஐ கேன் லேர்ன்," என்றேன். அவர் கேட்டது தமிழில். நான் இங்கிலீஷில் பதில் சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை, அது எனக்குத் தெரியும் என்பதைத் தவிர. யாரும் ஜோடி சேர்க்காமல் மூலையில் கிடந்த இந்த இரண்டையும், ஒரு கிராமபோனையும், ஒரு நாதஸ்வர இசைத்தட்டையும் அப்பாவின் சைக்கிளில் ஏற்றிவிட்டார். "ஓட வச்சுக் காட்டு. தவில் சத்தம் நெஞ்சுல இடிக்கணும். ஞாயித்துக்கிழமை வந்து கேக்குறேன்."

தேறினால் கடையில் வேலை. தேறாவிட்டால் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகை. பால்வெட்டுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டும் அந்த வேலைக்கு அப்பா ஏற்கெனவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள் நான். தொட்டிலை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

கடையிலிருந்து திரும்பும்போது தோட்டத்து முள்கம்பி வேலி வாசலில் காவல்காரர் நிறுத்தினார். மலாயாவில் அவசரகாலம்; காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்துவிடும் என்று ஒரு பிடி அரிசிகூட உள்ளேயிருந்து வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து வருவதையும் சோதிக்காமல் விட மாட்டார்கள். இரும்புக் கம்பியை நீட்டி, "பெராஸ் அடா?" என்று மலாயில் அரிசி இருக்கிறதா என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று ஆம்ப்ளிஃபயர் என்றால் என்ன என்று இங்கிலீஷில் விளக்கினேன். விளக்க விளக்கக் கம்பி ஸ்பீக்கரை நெருங்கியது. அப்பா, "ரேடியோ லா, ஞ்சே," என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார். கம்பி விலகியது.

வீட்டில், ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் துடைத்தேன். மூன்று துளைகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்: நான்கு, எட்டு, பதினாறு. எண்ணுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல். உரக்கப் படித்தேன்: "ஓம்."

அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வெள்ளைக்காரனுமா சாமி கும்பிடுறான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பள்ளியில் பெண்களுக்குத் தையல் உண்டு, மின்சாரப் பாடம் கிடையாது. ஆனால் தெரியாது என்ற சொல்லை நான் வீட்டில் பழகவில்லை. "நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டதுதான்மா," என்றேன். அம்மா மூன்று துளைகளுக்கும் குங்குமம் வைத்தாள். "பதினாறுல மாட்டு. நல்ல எண்." நானும் ஒரு விஞ்ஞானியின் முகத்தோடு பதினாறில் மாட்டினேன்.

மாலையில் ஆலை மோட்டார் ஓடி எங்கள் லயத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்தது. நாதஸ்வரம் சளி பிடித்த கிழவர்போல் இருமியது. ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கருகல் வாடை வந்தது. ஒவ்வொரு மாலையும் இதே கதை. திருகாத திருகாணி இல்லை.

சனிக்கிழமை அத்தை வந்து ஸ்பீக்கரின் முதுகை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பால் நிறுக்கும் இடத்தில் எண் மட்டும் பழகியவள். "இந்தப் பிள்ளைக்கு நாலுன்னு போட்டிருக்கு. நீ அங்க பதினாறுல கொண்டுபோய்க் கட்டியிருக்கே. பத்துப் பொருத்தத்துல ஒண்ணாவது பாத்தியா?"

அவள் கேலிதான் செய்தாள். எனக்குக் காது சூடானது. ஸ்பீக்கரின் முதுகிலும் அதே ஓம். அது மந்திரமாக இருந்தால் எதற்கு அளவு போடுகிறார்கள்? வயரைப் பிடுங்கி நான்கில் மாட்டினேன். நாதஸ்வரம் இருமலை விட்டுவிட்டு வாசித்தது. "நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றேன் அத்தையிடம். அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். "பொருத்தம் சரிம்மா. தவில் எங்க?" தவில் இருந்தது, தகர டப்பாவைத் தட்டுவதுபோல. "ஸ்பீக்கர அம்மணமா நிறுத்தியிருக்கே. முன்னால போற சத்தத்த பின்னால போறது தின்னுடும். அதுக்கு ஒரு பெட்டி வேணும்." வேலி வாசல் மூடும் நேரமாகிவிட்டது. "அடுத்த ஞாயிறு கடைசி," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பெட்டிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் கனமான பலகை ஒன்றில்தான் இருந்தது: அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த அலமாரியில்.

இன்று வெள்ளிக்கிழமை மாலை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். "எவ வீட்டுலடி கல்யாண மேளம்?" என்று தவில் இடி கேட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறாள். அம்மாவின் சேலைகளை மடித்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அலமாரிக் கதவில் வட்டம் அறுத்து ஸ்பீக்கரை மாட்டியாகிவிட்டது.