மெல்பேர்ணில் பதினொரு பேர்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருவில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. கவுன்சிலுக்குக் கடிதம் போடவேண்டுமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றவேண்டுமா, அரசாங்கம் தரும் பெனிபிட் காசை நிறுத்திவிட்டார்களா, சனம் நேரே எங்கள் குசினி மேசைக்கு வந்துவிடும். "அக்கா எழுதினா கவுன்சில்காரன் எழும்பி நிண்டுதான் வாசிப்பான்" என்று கீழ்வீட்டுக்காரி பகிடி பண்ணுவாள். நான் சிரித்துச் சமாளிப்பேன். உள்ளுக்குள் அதை அப்படியே நம்பினேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. என் கணவர் மின் எஞ்சினியர். பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்த ஒரு சின்னக் கம்பனி எடுத்துக் கொடுத்த வேலை அனுமதியில்தான் நாங்கள் நாலு பேரும் லண்டனில் இருந்தோம். வருடம் முடிவதற்குள் கம்பனியை மூடப்போவதாகத் திடீரென்று அறிவித்தார்கள். வேறு கம்பனிகள் யாரும் அனுமதி எடுத்துத் தரத் தயாராக இல்லை. கம்பனி போனால் அனுமதியும் போகும், கொழும்புக்குத் திரும்பவேண்டும். கொழும்பில் ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் ஓடிய காலம் அது. இவரோடு படித்த ஒருவர் பாண் வாங்கப் போய் வீடு திரும்பவேயில்லை. எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதற்குள் எப்படிப் போய் இறங்குவது?

மிச்சமிருந்த ஒரே வழி அவுஸ்திரேலியா. அங்கே புள்ளிக்கணக்கு. படிப்பு, அனுபவம், ஆங்கிலச் சோதனை எல்லாம் கூட்டியும் இவருக்குப் பத்துப் புள்ளி குறைந்தது. ஆனால் அங்குள்ள ஒரு மாநிலத்துக்கு எஞ்சினியர்கள் தேவைப்பட்டார்கள். அந்த மாநில அரசாங்கம் எங்களைப் பொறுப்பெடுத்தால் குறைந்த புள்ளி வந்துவிடும். பதிலுக்கு நாங்கள் இரண்டு வருடம் அங்கேயே குடியிருக்கவேண்டும். விசாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இவருக்கு நாற்பத்தைந்து பிறக்க ஐந்து மாதம்தான் இருந்தது.

மாநிலத்துக்கு ஒரு கடிதமும் வைக்கச் சொல்லியிருந்தார்கள், ஏன் எங்கள் மாநிலத்தில் குடியேற விரும்புகிறீர்கள் என்று. கடிதம்தானே, எனக்குக் கைவந்த கலை. அந்த மாநிலத்தின் காலநிலை, வேலை நிலவரம், வீட்டு வாடகை எல்லாவற்றையும் நாலே வரியில் முடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் எங்கள் சொந்தபந்தம். மெல்பேர்ணில் இவருடைய கூடப்பிறந்த தம்பி, தம்பியின் மனைவி வீட்டார், என் பெரியம்மாவின் இரண்டு மகள்கள், அவர்களின் கணவன்மார் என்று மொத்தம் பதினொரு பேர். யார் என்ன வேலை, எத்தனை வருடமாக இருக்கிறார்கள், தொலைபேசி இலக்கம் முதற்கொண்டு எழுதினேன். மெல்பேர்ண் இருப்பது வேறு மாநிலத்தில் என்பது எனக்குத் தெரியும். நாடு ஒன்றுதானே என்று நினைத்தேன்.

இவர் வாசித்துவிட்டு, "இவ்வளவு பேரையும் எழுதத்தான் வேணுமோ?" என்று கேட்டார்.

"ஆக்கள் இல்லாத இடத்துக்கு ஆர் விசா தருவினம்? எங்களுக்குப் பின்னால ஆக்கள் இருக்கினம் எண்டு அவைக்குத் தெரியட்டும்."

கடிதம் விஷயத்தில் என்னோடு பேசி யாரும் வென்றதில்லை.

ஏழு கிழமை கழித்து மறுமொழி ஈமெயிலில் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் தனியே நின்று வாசித்தேன். விண்ணப்பதாரருக்கு வேறு மாநிலத்தில் நெருங்கிய உறவுகள் பல உள்ளன, எனவே அவர் எமது மாநிலத்தில் நிலையாகக் குடியிருப்பார் என்று திருப்திப்பட முடியவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். அதற்குள் இவருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிடும்.

முதலில் அவர்களைத் திட்டினேன். நாகரிகமான வார்த்தைகள் அல்ல. பிறகு எனக்கே எல்லாம் விளங்கியது. நாங்கள் லண்டனில் இறங்கிய அன்று படுத்த பாய் ஒரு மச்சாளின் வீட்டுப் பாய். முதல் வாடகை வீட்டைப் பிடித்துத் தந்தது வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்த ஒரு சித்தப்பா. சொந்தக்காரரைச் சொல்லித்தான் எங்கள் சனத்துக்கு எந்தக் கதவும் திறந்திருக்கிறது. சொந்தக்காரர் இருப்பதாலேயே ஒரு கதவு மூடும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அந்த மாநிலத்தின் இணையத்தளத்தில் இருந்த விதிமுறைப் பக்கத்தை ஒழுங்காக வாசித்திருக்கலாம். நான் எழுதுகிறவள், வாசிக்க மறந்துபோனேன்.

இவர் வேலையால் வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் இரண்டு தரம் வாசித்தார்.

"நீர் எழுதினது ஒண்டும் பொய்யில்லைத்தானே" என்றார்.

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவர் போய் அடுத்த நாளைக்குச் சேர்ட்டை ஸ்திரிக்கை போட்டார்.

சனிக்கிழமை காலை மெல்பேர்ணிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசி எடுத்தார். இவர் மேலதிக ஷிப்ட் என்று போயிருந்தார்.

"அண்ணி, என்னவாம் மறுமொழி?"

"சரிவரேல்லைத் தம்பி."

"ஏனாம்?"

நீங்கள் அங்கே இருப்பதால்தான் என்று எப்படிச் சொல்வது? "வயதாம்" என்று சொன்னேன்.

"அப்ப அந்த அறை..." என்று தம்பி இழுத்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தன் வீட்டின் பின்பக்க அறையை இப்போதே எங்களுக்கென்று ஒதுக்கி, பிள்ளைகளுக்கு இரட்டைத் தட்டுக் கட்டிலும் போட்டு வைத்திருந்தாராம். இரண்டு வருடக் கட்டாயம் முடிந்த கையோடு நாங்கள் மெல்பேர்ணுக்கு வருவதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்திருந்தார்களாம். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பமாட்டேன். கேட்டிருந்தால் நானும் ஓம் என்றிருப்பேன். எங்களை ஒருநாளும் காணாத எவரோ ஓர் உத்தியோகத்தர், என் கடிதத்திலிருந்தே என் மனதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

"அறையை வாடகைக்கு விடட்டோ அண்ணி? ஆக்கள் கேட்டுக்கொண்டிருக்கினம்."

"விடும் தம்பி."

"கட்டில்?"

"அதையும் கழட்டும்."

அடுத்த மாதம் கொழும்புக்கு நாலு டிக்கெட் எடுத்தோம், ஒருவழி.