பனி ஊரில் ஒரு வாசல் கதவு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு இலைக்கு வராமலே ஆறிப்போனது. காரணம் — ஒரு மெஷின்!

பிரான்சிலிருந்து என் தங்கை சரோஜாவும் அவள் கணவர் ஏகாம்பரமும் லீவில் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையை விசாரிக்கப் பக்கத்து வீட்டு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவர். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் சொல்தா என்றால் அவர் ஒருவர்தான்.

"அங்க என்னா வேலை மாப்ள?"

"வீட்டுக்குச் சூடு ஏத்தற மெஷின் மாட்டறேங்க."

"கரி அடுப்பா?"

"கரியே கெடையாது. வெளியில இருக்கிற குளுந்த காத்துலேர்ந்து சூட்டை எடுத்து உள்ள விடும்."

சொல்தா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "நான் அந்த ஊர்ப் பனியில காவல் நின்னவன்யா. மூக்கு இருக்கா, போச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கணும். அதுலேர்ந்து சூடா? யாருக்குக் காது குத்தற?"

மாப்பிள்ளை கோபப்படவில்லை. "டாக்டர் வீட்டு ரெஃப்ரிஜிரேட்டரைப் பாத்திருக்கீங்களா? பின்பக்கம் கை வெச்சா எப்படி இருக்கும்?"

"சுடும்."

"உள்ள வெச்ச பண்டத்துல இருக்கிற சூட்டைத்தான் அது பின்னால தள்ளுது. எங்க மெஷினுக்கு வெளியில இருக்கிற ஊர்தான் பொட்டி. முதுகு மட்டும் வீட்டுக்குள்ள. குளுந்த காத்துலயும் கொஞ்சம் சூடு இருக்குங்க. கெணத்துலேர்ந்து தண்ணியைப் பம்பு வெச்சு இறைக்கிறோம் இல்ல... அந்த மாதிரி சூட்டை இறைக்கிறோம்."

சொல்தா மோவாயைச் சொறிந்தார். "சரி... ஒழுங்கா ஓடிச்சா?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். சரோஜா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "அதை நான் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். குழம்பு ஆறியது இப்படித்தான்.

ஏகாம்பரம் அங்கே போன புதிதில் பார்த்த வேலை, வீடு வீடாகப் போய் நிலவறையில் கரி அள்ளிப் போடுவது. இருமல்... கண் எரிச்சல்... துவைத்தாலும் போகாத கறுப்பு. பிறகு ஒரு கம்பெனியில் இந்தப் புது மெஷினைப் பழகினார். செம்புக் குழாய்களைப் பற்றவைப்பதில் கை சுத்தம் என்று பெயர் எடுத்தார். சோதனைக்காக ஒரு மெஷினை அவர் குடியிருந்த வீட்டிலேயே மாட்டச் சொன்னார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக வைத்திருந்தால் மெஷின் மாட்டும் வேலை நிரந்தரம். இல்லையென்றால்? பழையபடி கரிதான்!

காலையில் வீடு கதகதவென்று இருந்தது. மத்தியானமும் குறையில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி இன்ஜினியர் வந்து தெர்மாமீட்டரை வைத்தால்... கூடம் சில்லிட்டுக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. சூட்டைச் சுமந்து வரும் வாயு குழாய் இணைப்பில் எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டினார் இன்ஜினியர். அதாவது, ஏகாம்பரத்தின் கை சரியில்லை என்று அர்த்தம்.

மனிதர் பற்றவைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். ஜன்னல் இடுக்கில் கம்பளித் துணி திணித்தார். சோறு இறங்கவில்லை அவருக்கு. அடுத்த முறையும் சரியாக இல்லாவிட்டால் மெஷினைக் கழற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை இன்ஜினியர் சீக்கிரமே வந்தார். மெஷினைக் கழற்ற ஆட்களும் கூடவே. தெர்மாமீட்டர் நன்றாகத்தான் காட்டியது. எல்லோரும் கூடத்தில் நின்றபடி, எப்போது இறங்கும் என்று காத்திருந்தார்கள். அந்த ஊரில் குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். இருட்டத் தொடங்கியதும் சரோஜா எழுந்தாள். கை கால் கழுவினாள். பின்கதவைச் சாத்தினாள். விளக்கேற்றினாள்.

அப்புறம், வாசல் கதவை விரியத் திறந்தாள்!

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கதவைத் திறக்காத வீடு நம் ஊரில் உண்டா? மகாலட்சுமி வரும் நேரம் அல்லவா? கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து சரோஜா ஒரு நாளும் தவறவிடவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அரைமணி நேரம் கதவு திறந்தபடி இருக்கும். பிறகு சாத்துவாள். சாத்திய கொஞ்ச நேரத்தில்தான் மற்றச் சனிக்கிழமைகளில் இன்ஜினியர் வருவார்.

"மாப்ள, நீங்க பாத்ததே இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் வீட்லதான் இருப்பேன் மச்சான். பக்கத்துலயே ஸ்வெட்டர் போட்டுகிட்டு ஒக்காந்திருப்பேன். வெளக்கு வெச்சா கதவு தொறப்பாங்க... இதுல பாக்க என்னா இருக்கு?"

யோசித்துப் பாருங்கள். பனியில் ஒருத்தி கதவைத் திறந்து வைப்பாள் என்று அந்த ஊர்க்காரருக்குத் தோன்றவில்லை. விளக்கு வைத்த பிறகு கதவைச் சாத்தி வைப்பார்கள் என்று நம் ஊர்க்காரருக்குத் தோன்றவில்லை. இருவரும் குழாயையே தடவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

"மதாம்! கதவு!" என்று அலறினாராம் இன்ஜினியர். தெர்மாமீட்டரில் பாதரசம் கண்ணெதிரே இறங்கியது. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று மட்டும் மறந்து திறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யார் சாட்சி? என் தங்கை அப்படிச் சொல்லவில்லை. இங்கே கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்த பிரெஞ்சு கை கொடுத்தது. நிமிர்ந்து நின்று சொன்னாள்: "முசியே, மெஷின் மேல குத்தமில்ல. இவரு கை மேலயும் குத்தமில்ல. தெனமும் இந்த நேரத்துக்கு நான்தான் தொறக்கறேன்."

"தினமுமா? எதற்கு?"

"வீட்டுக்கு நல்லதைக் கொண்டு வர்ற அம்மா இப்பதான் வருவாங்க. கதவைச் சாத்தி வெச்சா எப்படி வருவாங்க?"

இன்ஜினியர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கழற்ற வந்த ஆட்களுக்கு சரோஜா காப்பி கொடுத்தாள். பாதரசம் மெல்ல ஏறியது. இன்ஜினியர் கோட்டைக் கழற்றினார். இன்னும் ஏறியது. கழுத்துத் துணியையும் அவிழ்த்தார். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீடு காலையில் இருந்ததுபோலவே இருந்தது.

அவர் எழுந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை நாளும், கதவைத் திறந்துபோட்டும் இந்த மெஷின் மறுபடி மறுபடி வீட்டைச் சூடாக்கியிருக்கிறது. இப்படி ஒரு சோதனை வைக்க எனக்கே தைரியம் வந்திருக்காது!" என்றார். ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். கரி வேலையும் அவர்களோடு போயிற்று.

சரோஜா சொல்லி முடித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருமை ஐயா, பெருமை! நெல்லித்தோப்புப் பெண் ஒருத்தி, புருஷன் பிழைப்பு ஊசலாடும் நேரத்தில், அவர்கள் ஊரில், அவர்கள் பாஷையிலேயே உண்மையைச் சொன்னாளே... அண்ணனாக இருப்பதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

சொல்தாவும் தோற்றுத்தான் போனார். "அந்தக் குளிர்ல கதவைத் தொறந்தியாம்மா? பட்டாளத்துல நாங்களே தொறந்ததில்லியே!" என்றார்.

மாப்பிள்ளை இப்போது அந்த ஊரில் வரிசையாக மெஷின் மாட்டுகிறார். எந்த வீட்டில் மாட்டினாலும் கடைசியாக ஒரு சோதனை உண்டாம். இருட்டத் தொடங்கியதும் வாசல் கதவை அரைமணி நேரம் திறந்து வைத்துப் பார்ப்பது, அந்த இன்ஜினியர் போட்ட உத்தரவு.

இனி, அந்த ஊர்க்காரர்கள் விளக்கு ஏற்றுவதுதான் பாக்கி!