லீவர் ஏன் இடது பக்கம்?

"சார், லீவர் ஏன் லெஃப்ட் சைடுல இருக்குது?"

போன வாரம் வீடியோ காலில் ஒரு கம்பெனி மேனேஜர் என் கணவரிடம் கேட்ட கேள்வி. சாதாரணக் கேள்விதான். ஆனால் மனுஷர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். சமையலறை வாசலில் கீரையும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். (ஒட்டுக்கேட்பது தப்பு என்கிறவர்கள், வீட்டுக்குள் ஒரு ஆபீஸை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்து பார்க்கட்டும்.)

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் குமரன் ஒரு இண்டஸ்ட்ரியல் டிசைனர். காஞ்சிபுரத்தில் டிசைனர் என்றால் அடுத்த கேள்வி, "பார்டர் போடறாரா, முந்தானை போடறாரா?" என்பதுதான். இரண்டும் இல்லை. மிக்ஸி மூடி, சூட்கேஸ் கைப்பிடி, ஆஸ்பத்திரி ஸ்டூல்... தினமும் நாம் தொடுகிற, ஆனால் இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று நினைத்தே பார்க்காத சாமான்களுக்கு உருவம் கொடுக்கிற வேலை.

முதலில் பென்சில். பேப்பர் ஓரம், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் என்று எது கிடைத்தாலும் கிறுக்குவார். அப்புறம் அட்டை. ஜவுளிக் கடைகளில் வீணாகும் புடவைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, வெட்டி ஒட்டி, நிஜ அளவில் ஒன்று செய்வார். அதைப் பிடித்துப் பார், குனிந்து பார் என்று என் உயிரை எடுப்பார். எங்கள் ஹாலில் நிற்கும் அட்டை ஸ்டூலில் 'முகூர்த்தப் பட்டு' என்று தங்க எழுத்தில் இருக்கும்.

கடைசியில்தான் கம்ப்யூட்டர். அதற்குள் போனதும் அட்டை ஸ்டீலாகிவிடும். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், தரையில் நிழல் விழும். இன்னும் பிறக்காத ஒரு சாமானை ஃபோட்டோ எடுத்த மாதிரியே இருக்கும்.

இப்படிப்பட்ட படங்களில் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது வழக்கம். எவ்வளவு பெரிசு என்று தெரிய வேண்டுமே? சாஃப்ட்வேரிலேயே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கோட்டுப் போட்ட ஐயா, குதிகால் செருப்புப் போட்ட அம்மா. ஆனால் குமரனின் படங்களில் நிற்பவள் வேறு ஒருத்தி. பழைய டீ-ஷர்ட். ஈரத் தலையில் துண்டு. இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, 'முடிஞ்சுதா இல்லையா?' என்று கேட்கிற முகம்.

எங்கள் மகள் தேன்மொழி.

மேல்படிப்புக்காக ஜெர்மனி கிளம்பிய அன்று காலை, குளித்துவிட்டு வந்தவளை அப்படியே ஹாலில் நிறுத்திவிட்டார். செல்போனால் ஒரு ஆளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால், முழு உருவமாகச் சேர்த்துக் கொடுக்கிற ஆப் ஒன்று புதிதாக வந்திருந்தது.

"சீக்கிரம்பா. நான் இன்னும் தலைகூடத் துவட்டல. கார் வந்துக்கினு இருக்குது."

"ஒரு நிமிஷம்மா. ஆடாம நில்லு."

கார் வந்தது. போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் எதை வரைந்தாலும் அதற்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். கோடைக்கும் மழைக்கும் அதே துண்டு.

இப்போது அந்தக் கம்பெனிக்காக அவர் செய்துகொண்டிருப்பது தண்ணீர் கேன் ஸ்டாண்ட். லீவரைத் தள்ளினால் கேன் தானாகச் சாயும், யாரும் தூக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கேன் கவிழ்க்கிறது தேனுவின் வேலையாக இருந்தது. அவருக்கு இடுப்பு வலி, எனக்கு வாய் மட்டும்தான் பலம். கருட சேவை சமயத்தில் தெருவெல்லாம் கூட்டம், கேன் வண்டி உள்ளே வராது. முதல் நாளே வாங்கி வரிசையாக அடுக்கிவிடுவோம். "ஊருக்கெல்லாம் டிசைன் பண்றியேப்பா, எனக்கு ஒண்ணு பண்ணக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே கவிழ்ப்பாள்.

பண்ணிவிட்டார். எப்போது? அவள் குழாய்த் தண்ணீரையே குடிக்கிற ஊருக்குப் போன பிறகு.

தேனுவுக்கு இடது கைப் பழக்கம். லீவர் ஏன் இடது பக்கம் என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வீடியோ கால் முடிந்ததும் குமரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இடது பக்கத்தை வலது பக்கமாக்க அதில் ஒரு கட்டளை இருக்கிறது, மிரர் என்று பெயர். படத்தில் இருந்த எல்லாவற்றையும் செலக்ட் செய்து அதைத் தட்டினார். லீவர் வலது பக்கம் வந்துவிட்டது. கூடவே தேனுவும் திரும்பிவிட்டாள். வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது பக்கம் போயிருந்தது. இடுப்பில் இப்போது வலது கை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அவ இல்லையே, கலா" என்றார். பழையபடி மாற்றினார்.

"அவளை ஏன் திருப்பறீங்க? லீவரை மட்டும் மாத்துங்க."

"அப்புறம் அவ எப்படித் தள்ளுவா?"

"அவதான் இங்க இல்லையே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பயனாளர், பயனாளர் என்று இவர்கள் தொழிலில் அடிக்கடி சொல்வார்கள். யார் அந்தப் பயனாளர்? எனக்கென்னவோ எந்தப் பொருளும் எல்லாருக்காகவும் பிறப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. யாரோ யாரையோ மனதில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். மிச்சப் பேர் நாம் சேர்ந்து உபயோகித்துக்கொள்கிறோம்.

மாடியிலிருந்து இறங்கியவர் கையில் புது ஸ்கெட்ச் இருந்தது. லீவரைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். மேனேஜருக்கும் பிடித்துவிட்டது. "ஓகே சார். ஆனா அந்தத் துண்டு கட்டின லேடிய எடுத்துடுங்க, புரொஃபஷனலா இல்ல" என்றார்.

கோட்டுப் போட்டுக்கொண்டு எந்த மகராசன் கேன் கவிழ்ப்பான்? கேட்கத்தான் நினைத்தேன். கையில் கீரை இல்லை, அதனால் வாசலில் நிற்க ஒரு சாக்கும் இல்லை.

ஆளை மாற்றுவதற்கு முன்னால் குமரன் என்னைக் கூப்பிட்டார். கண்ணை மூடுகிற மாதிரி பெரிய கண்ணாடி ஒன்றை என் தலையில் மாட்டினார். படத்தில் இருப்பதை நிஜ அளவில், நாம் நிற்கிற இடத்திலேயே காட்டுகிற கருவி.

"கையை நீட்டாத. எங்கயாவது இடிச்சுக்குவ."

எங்கள் ஹால். எங்கள் ஜன்னல். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஸ்டாண்ட். அதற்குப் பக்கத்தில் என் பெண், முழு உயரத்துக்கு, என் முகத்துக்கு நேரே. நெற்றியோரம் துண்டுக்கு வெளியே ஈர முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கார் வந்துவிட்ட அவசரத்தில் நான் துவட்டி விடவில்லை.

கையை நீட்டினேன். ஃப்ரிட்ஜ் கதவு விரலில் இடித்தது.

அழுதுவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கண்ணாடிக்குள் அழுதால் உள்ளே ஆவி படிந்து மகள் மங்கலாகிவிடுகிறாள். அதை டிசைன் செய்த புண்ணியவான் இதையும் யோசித்திருக்கலாம்.

குமரன் என் தலையிலிருந்து அதை மெதுவாகக் கழற்றினார். "எனக்கும் அப்படித்தான் ஆவும்" என்றார்.

கம்பெனிக்குக் கோட்டுக்காரர் படம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தேனு கூப்பிட்டாள். ஸ்டாண்ட் கதை, மேனேஜர் கதை எல்லாம் சொல்லிவிட்டு, ஃபோனை வைக்கப் போகும்போது என்னையும் அறியாமல் சொன்னேன்:

"தலைய நல்லாத் துவட்டுமா. ஈரத்தோட நின்னுக்கினு இருக்காத."

"இன்னாம்மா சொல்ற? நான் இன்னிக்குக் குளிக்கவே இல்ல."